என்று நிறுவியுள்ளார்

உத்திரமேரூர் மாலை வகுப்பில் வரலாறு முதுகலை படிக்கச் சேருகிறவர்களுக்கு வரலாறு பிறகுதான். யார் யாருக்கு எந்த வினைச்சொல் என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆய்வேட்டில் ஒருவருடைய நூலிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினால், அந்த வரியை ‘என்று கூறுகிறார்’ என்று முடிப்பதா, ‘என்று கருதுகிறார்’ என்று முடிப்பதா, ‘என்று நிறுவியுள்ளார்’ என்று முடிப்பதா? அந்த மனிதர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்து முடிவு செய்யலாமே என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கக்கூடும். அத்தனை அப்பாவிகள் இங்கே பட்டம் வாங்க முடியாது.

முனைவர் தாண்டவராயன் இதற்கு ஒரு முறை வகுத்து வைத்திருந்தார். வாய்மொழித் தேர்வு நடத்த வரக்கூடிய பேராசிரியர், எதை எழுதியிருந்தாலும் ‘நிறுவியுள்ளார்’. வர வாய்ப்பில்லை, ஆனால் பெரிய பதவியில் இருக்கிறார் என்றால் ‘தெளிவுறுத்துகிறார்’. பதவியும் இல்லையென்றால் ‘குறிப்பிடுகிறார்’. எப்போதோ ஒரு கருத்தரங்கில் தாண்டவராயனோடு சண்டை போட்டவர் ‘கருத முற்படுகிறார்’. செத்துப்போனவர்களுக்கு எதை வேண்டுமானாலும் போடலாம், அவர்கள் தேர்வுக்கு வரப்போவதில்லை. ஊர் ஜனங்கள் மட்டும், கண்ணால் கண்டதையே சொன்னாலும், ‘சொல்லிக்கொள்கிறார்கள்’. தாண்டவராயனுக்கு என்ன வினைச்சொல் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வகுப்பு நடந்தது ஒரு தனியார் பள்ளியின் யு.கே.ஜி. அறையில். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்களெல்லாம் முழங்காலை மடக்கிக் குட்டி பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பார்கள். காட்டு விலங்குகள் படம் போட்ட அட்டைக்குக் கீழே நின்றுகொண்டு தாண்டவராயன் தொண்டை மண்டலத்தின் நீர்ப்பாசனத்தைப் பற்றிப் பேசுவார். பேச்சு எங்கே சுற்றினாலும் தன் நூலில் வந்து முடியும்.

சாந்தினிக்கு அந்தக் கட்டடம் பகலிலும் பழக்கம். அதே பள்ளியின் அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதுகிற வேலை. ஒன்பதாம் வகுப்பு வரலாற்று ஆசிரியை ஜூன் மாதம் ஓய்வு பெறப்போகிறார், எம்.ஏ.வில் முதல் வகுப்பு வாங்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் உனக்குத்தான் என்று தாளாளர் சொல்லியிருந்தார். அலுவலக மேசையிலிருந்து வகுப்பறைக்குப் போவதற்குச் சாந்தினிக்கு இருந்தது அந்த ஒரு வழிதான். ஆய்வேட்டு மதிப்பெண்தான் முதல் வகுப்பைத் தீர்மானிக்கும் என்பதும் தெரிந்த விஷயம்.

பீரோவைப் பூட்டிவிட்டு வாசல்வரை வந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறவள் அவள். நீ சொன்னது சரி என்று யாராவது சொன்னால், தான் என்ன சொன்னோம் என்றே சந்தேகம் வந்துவிடும். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனதும் டைரியில் அன்றைக்குக் கேட்டதை வரிசையாக எழுதுவாள். அதில் எல்லாருக்கும் ஒரே வினைச்சொல்தான்: சொன்னார். சொன்னதற்கு மேல் அவர்கள் என்ன செய்தார்கள் என்று தீர்ப்பளிக்கும் தைரியம் அவளுக்கு வரவில்லை.

தாண்டவராயனின் நூல் ஏரிகளைப் பற்றியது. புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி கொடுப்பார். பிளாஸ்டிக் உறை போட்ட அந்தப் புத்தகம் இந்த வட்டாரத்தில் பல வீடுகளின் கண்ணாடி அலமாரியில், கல்யாணத்துக்கு வந்த கடிகாரத்துக்கும் சாவி கொடுக்கிற பொம்மைக்கும் நடுவில், உறை பிரிக்காமலே நிற்கிறது. சாந்தினி பிரித்தாள். பிரித்ததோடு நிற்காமல் படிக்கவும் படித்தாள். அவளுக்கு ஒதுக்கிய தலைப்பு மானாம்பதிக்குப் போகிற வழியில் உள்ள ஆனைப்பள்ளம் ஏரி. அதைப் பற்றி நூலில் இருந்தது இவ்வளவுதான்:

“ஆனைப்பள்ளம் ஏரியின் கல்மதகு பல்லவர் காலத்ததாக இருக்குமோ என்று தோன்றுகிறது. நேரில் சென்று பார்க்க இயலவில்லை. பார்த்தவர்கள் சொல்லக் கேட்டது.”

மூன்று வாக்கியம். ஆனால் வகுப்பில் அந்த மதகு பல்லவர் மதகு என்றே வழங்கி வந்தது. எங்கேயோ தான்தான் ஒரு பக்கத்தை விட்டுவிட்டோம் என்று நினைத்துச் சாந்தினி நூலை முதலிலிருந்து மறுபடி படித்தாள். பிறகு பழைய மாணவர்களின் ஆய்வேடுகளை எடுத்துப் பார்த்தாள். தமிழரசன் என்பவர், மதகு பல்லவர் காலத்தது என்று தாண்டவராயன் ‘கருதுகிறார்’ என்று எழுதியிருந்தார். அடுத்து வந்த மோகனா, நூலைத் தொடாமல் தமிழரசனைத் தொட்டு, அவர் ‘வலியுறுத்துகிறார்’ என்று எழுதினாள். மோகனாவைப் பார்த்து எழுதிய சுகுமார் ‘நிறுவியுள்ளார்’ என்று முடித்துவிட்டார். அதன் பிறகு ஒரு கருத்தரங்கக் கட்டுரையில் தாண்டவராயனே, இம்மதகு பல்லவர் காலத்தது என்பதை ஆய்வாளர் சுகுமார் நிறுவியுள்ளார் என்று எழுதியிருந்தார்.

கல் இருந்த இடத்திலேயே இருக்க, வினைச்சொல்லுக்கு மட்டும் ஆண்டுதோறும் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. அரசு ஊழியர்களுக்குக்கூட அத்தனை ஒழுங்காகக் கிடைப்பதில்லை.

தன் கண்ணையே நம்பாதவள் என்பதால், அந்தப் பக்கத்தைப் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் குமரேசனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். மாலை வகுப்பின் ஆய்வேடுகள் எல்லாம் அந்தக் கடையில்தான் அச்சாகும். குமரேசனும் ஒரு காலத்தில் அங்கே படித்தவன்தான். இரண்டு தாள் இன்னும் பாக்கி. ஆனால் அவன் அடித்துக்கொடுத்த ஆய்வேடு எதுவும் தோற்றதில்லை. பேராசிரியர்களின் பெயரும் எதிரே அவரவர்க்கு உரிய வினைச்சொல்லும் அவன் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஏறியிருந்தன. பெயரை அடித்தால் வினை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். படிக்கிறவர்களுக்கு மேற்கோளைத் தேடும் வேலை மட்டும்தான். அதையும் பலர் பக்கத்தில் அடித்துக்கொண்டிருக்கும் ஏட்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

குமரேசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான்.

“இருக்குமோன்னுதாம்மா கீது.”

“அப்ப அவரு நிறுவல இல்லண்ணா?”

“நிறுவுறதுக்கு இன்னா பெரிய வேலை கீது? நான் டைப் பண்ணிக் குட்தா நிறுவிக்கும்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாந்தினி பஸ் பிடித்து ஆனைப்பள்ளத்துக்குப் போனாள். மாலை வகுப்பின் சரித்திரத்தில் அப்படி ஒரு காரியம் அதுவரை நடந்ததில்லை. ஏரிக்கரையில் சிமெண்ட் மதகு ஒன்று இருந்தது. இரும்புப் பலகையை ஏற்றி இறக்கத் திருகு, சுவரில் பொதுப்பணித் துறையின் எண் பாதி உரிந்து கிடந்தது. கரைக்குக் கீழே இரண்டு கல் தூண்கள் மண்ணில் புதைந்திருந்தன. ஒன்றின்மேல் யாரோ பாவாடை காயப்போட்டிருந்தார்கள். அவை பல்லவர் காலத்தவையாக இருக்கலாம். பக்கத்துக் கல்குவாரியிலிருந்து வந்தவையாகவும் இருக்கலாம். எழுத்து ஏதாவது தெரிகிறதா என்று பாவாடையை நகர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி இருந்தபடி விரித்துவிட்டு வந்தாள்.

பார்த்ததைப் பார்த்தபடி எழுதினாள். தாண்டவராயன் பெயர் வந்த இடத்தில் பேனா நின்றது. வெகுநேரம் யோசித்து, அவர் இம்மதகு பல்லவர் காலத்ததாக இருக்கலாம் என ‘ஊகிக்கிறார்’ என்று எழுதினாள். அதுவும்கூட மரியாதைக் குறைவோ என்று இருந்தது. வேறு சொல் கிடைக்கவில்லை.

வழிகாட்டி என்ற முறையில் கையெழுத்துப் போடுவதற்காகக் கொடுத்த ஏட்டை மறுநாள் வகுப்பில் தாண்டவராயன் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

“ஊகிக்கிறாராம்,” என்றார். ஏட்டை யு.கே.ஜி. மேசைமேல் வைத்தார். “ஊகிக்கிறதுக்கு நான் என்ன கிளி ஜோசியக்காரனா?”

குட்டி பெஞ்சுகள் சிரித்தன. சிரிக்காவிட்டால் தங்கள் ஏடு என்னாகும் என்று அவற்றுக்குத் தெரியும். தாண்டவராயன் மேசையிலிருந்து சீட்டு ஒன்றை மூக்கால் கவ்வி எடுப்பதுபோலச் செய்து காட்டினார்.

“எடுத்தேன், பல்லவர் வந்துட்டார். அப்படித்தானேம்மா?”

நூலில் ‘இருக்குமோ’ என்றுதான் இருக்கிறது என்று சாந்தினி எழுந்து நின்று மெல்லச் சொன்னாள். பக்க எண்ணையும் சொன்னாள். பக்க எண் அவரை அதிகமாகக் கோபப்படுத்தியது.

“நூலை வாசிக்கிறப்ப வரியை வாசிக்கக் கூடாதும்மா. ஆசிரியரை வாசிக்கணும்.”

அதோடு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். ‘நிறுவியுள்ளார்’ வந்தால் கையெழுத்து வரும். வராவிட்டால் இந்த ஆண்டுப் பட்டம் வராது. ஏடு ஒப்படைக்கும் தேதி நெருங்கிவிட்டது. பட்டம் வராவிட்டால் ஜூன் மாதம் வேறு யாரோ ஒன்பதாம் வகுப்புக்குள் சாக்பீஸோடு போவார்கள்.

வீட்டில் அம்மா லீலாவதி கேட்டுவிட்டு, அந்தாளு கேக்கிறத எழுதிக் குட்துட்டு வேலையப் பாரு, கல்லு இன்னா உன்ன வந்து கேக்கப்போகுதா என்றாள். குமரேசனும் அதையே வேறு விதமாகச் சொன்னான். ஒரு வார்த்தைக்காக இத்தனை பேஜாரா, ஒரு பட்டனைத் தட்டினால் போயிற்று என்றான். தட்டுவதற்கு விரலையும் தூக்கிவிட்டான்.

“மாத்திடுண்ணா,” என்றாள் சாந்தினி. “ஆனா அவரு எழுதினத என் வார்த்தையில போடாத. மேற்கோள் குறிக்குள்ள அப்படியே போடு. மூணு வரியும்.”

குறும்புக்காகச் செய்யவில்லை. மேற்கோளில் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்பது வகுப்பில் சொன்ன விதி. வினைச்சொல், வழிகாட்டி சொன்னபடி இருக்க வேண்டும் என்பதும் வகுப்பில் சொன்ன விதி. இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள், அவ்வளவுதான். குமரேசன் அடித்து முடித்துத் திரையைப் பார்த்தான்:

“ஆனைப்பள்ளம் ஏரியின் கல்மதகு பல்லவர் காலத்ததாக இருக்குமோ என்று தோன்றுகிறது. நேரில் சென்று பார்க்க இயலவில்லை. பார்த்தவர்கள் சொல்லக் கேட்டது” என்று தாண்டவராயன் நிறுவியுள்ளார்.

ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் காத்துக்கொண்டு நிற்க, குமரேசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சாந்தினிக்கு அப்போதுதான் பயம் வந்தது.

பயந்திருக்க வேண்டியதில்லை. தாண்டவராயன் அந்தப் பக்கத்தைத் திருப்பினார். விரலை வரியின் கடைசிக்குக் கொண்டுபோனார். ‘நிறுவியுள்ளார்’ இருந்தது. பேனாவைத் திறந்தார்.

வாய்மொழித் தேர்வுக்குச் சென்னையிலிருந்து பேராசிரியர் ஏசுதாஸ் வந்தார். ஏட்டைக் கையில் வாங்கியதும் அவர் திருப்புவது கடைசிப் பக்கங்களைத்தான். நூற்பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா, எந்தப் பக்கத்தில் வருகிறது, அங்கே என்ன வினை. மூன்றும் திருப்தி என்றால் கேள்விகள் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடும். சாந்தினி அவருடைய நூல் ஒன்றையும் பயன்படுத்தவில்லை. அவர் ஏரிகளைப் பற்றி எழுதியதே இல்லை. தன் பெயர் இல்லாத ஏட்டில் செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல் பேராசிரியர் அதைப் படிக்க நேர்ந்தது.

படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். மூன்று வாக்கியத்தையும் உரக்க வாசித்தார். ‘என்று தாண்டவராயன் நிறுவியுள்ளார்’ என்று முடித்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத் தாண்டவராயனைப் பார்த்தார்.

தாண்டவராயன் அசரவில்லை. இருபது ஆண்டுகளாக மேடையில் நிற்கிறவர்.

“அவையடக்கம் ஐயா,” என்றார். “நம்ம புலவர் மரபு. தெரிஞ்சதையும் தெரியாதது மாதிரி சொல்றது.”

ஏசுதாஸின் முகம் மலர்ந்தது. அவருடைய நூல்களிலும் அப்படிப்பட்ட அடக்கம் நிறைய உண்டு போலும். சரிதான் என்று தலையாட்டிவிட்டு, மாணவி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடித்துவிடலாம் என்று சாந்தினியைப் பார்த்தார்.

“என்னம்மா, அவையடக்கம்தானே?”

ஆமாம் என்றால் போதும். இரண்டு பேரும் மதிப்பெண் போடத் தயாராக இருந்தார்கள். வராந்தாவில் சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்து இறங்கும் சத்தம் கேட்டது. ஒருவேளை உண்மையிலேயே அவையடக்கம்தானோ என்று சாந்தினிக்கு வழக்கம்போலச் சந்தேகம் வந்தது. அந்த மூன்று வாக்கியத்தையும் மனசுக்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள்.

“மொத வரி அவையடக்கமா இருக்கலாம் சார்,” என்றாள். “ரெண்டாவது வரியில போய்ப் பாக்கலைன்னு எழுதியிருக்காரு. போய்ப் பாக்காதது அவையடக்கத்துல வருமா சார்?”

பதில் தெரியாமல்தான் கேட்டாள். ஏசுதாஸ் கையைக் கழுவப் போனார்.

தேர்ச்சி கொடுத்தார்கள். அதற்கு மேல் ஒரு மதிப்பெண்கூட விழாமல் கவனமாகக் கொடுத்தார்கள். முதல் வகுப்பு கைதவறியது. தாளாளர் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, தான் சொன்னது முதல் வகுப்பு என்பதை நினைவூட்டினார். வரலாற்று ஆசிரியை வேலைக்கு விளம்பரம் கொடுக்கச் சொன்னார். அந்த விளம்பரத்தை எழுதியவளும் சாந்தினிதான், அலுவலக வேலை அது.

விளம்பரத்துக்கு ஆட்கள் வருவதற்குள் தாண்டவராயனின் நூல் இரண்டாம் பதிப்பு கண்டது. பள்ளிக்கூடத்திலேயே வெளியீட்டு விழா, தாளாளர் தலைமை. தாண்டவராயன் ஆனைப்பள்ளம் பகுதியைத் திருத்தியிருந்தார். ‘இருக்குமோ’ போயிற்று. போய்ப் பார்க்கவில்லை என்பதும் போயிற்று. அங்கே போனவர் ஒருவர் பெயர் வேண்டும். வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து அங்கே போனவள் ஒருத்திதான். ஆகவே மேடையில் இந்த வரி கம்பீரமாக வாசிக்கப்பட்டது:

“இம்மதகு பல்லவர் காலத்தது என்பதை ஆய்வாளர் சாந்தினி களஆய்வு செய்து நிறுவியுள்ளார்.”

பின்வரிசையில் குனிந்து நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த சாந்தினி நிமிர்ந்தாள். தாளாளர் அதைவிட வேகமாக நிமிர்ந்தார். தன் பள்ளி ஊழியர் பெயர் அச்சில் வந்திருக்கிறது. ஒலிபெருக்கியை வாங்கி, இப்படிப்பட்ட ஆய்வாளரை வைத்துக்கொண்டா விளம்பரம் கொடுத்தோம், ஜூன் முதல் ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு நம் சாந்தினிதான் என்று அங்கேயே அறிவித்துவிட்டார். கைதட்டல். மேடைக்குக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

நன்றி என்பது ஒரே வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு இறங்கினால் வேலை கையில் இருக்கிறது. சாந்தினி ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று ஒரு தரம் தட்டிப் பார்த்தாள்.

“நான் எதையும் நிறுவல,” என்றாள். வீட்டில் பேசுகிற மாதிரியே வந்தது. “ஆனைப்பள்ளம் போய்ப் பாத்தேன். சிமெண்ட்டு மதகு கீது. ரெண்டு கல்லு கீது. எந்தக் காலத்துக் கல்லுன்னு எனக்குத் தெரியாது. சாருக்கும் தெரியாது. மொத பதிப்புல சாரே எழுதிக்கீறாரு.”

தாளாளர் அப்போது போனில் யாருக்கோ சாந்தினியைப் பற்றித்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு நின்றது மட்டும் அவருக்குக் கேட்டது. போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார். அவர் தட்டினால் ஆசிரியர்கள் தட்டுவார்கள், ஆசிரியர்கள் தட்டினால் பிள்ளைகள் தட்டுவார்கள். அரங்கம் அதிர்ந்தது. தாண்டவராயன் எழுந்து வந்து அவள் தோளில் பொன்னாடையைப் போட்டார். ஒலிபெருக்கியை நோக்கிக் குனிந்து ஒரே ஒரு சொல் சொன்னார்.

“அவையடக்கம்.”

மறுநாள் செய்தித்தாளில் ஒரு மூலையில் படத்தோடு வந்திருந்தது. ஆனைப்பள்ளம் மதகை நேரில் சென்று பார்த்ததாக ஆய்வாளர் சாந்தினி பெருமிதம் தெரிவித்தார்.

ஜூன் மாதம் சாந்தினி ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள். பீரோச் சாவியை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு, அவள் பூட்டினாளா என்று இரண்டு நாள் திரும்பிப் போய்ப் பார்த்தாள். வினாத்தாள் நகல் எடுக்கக் குமரேசன் கடைக்குப் போனபோது, அவன் செய்தித்துண்டை லேமினேட் செய்து கொடுத்தான். கம்ப்யூட்டரில் பேராசிரியர்கள் பட்டியலையும் திறந்து காட்டினான். கடைசியில் புதிதாக ஒரு பெயர் ஏறியிருந்தது. சாந்தினி. எதிரே, நிறுவியுள்ளார்.

இந்த வருஷத்துப் பிள்ளைங்க இப்பவே உன்ன எடுத்துப் போட ஆரம்பிச்சுட்டாங்க என்றான். அதை எடுத்துவிடச் சொன்னாள். பெயரை எடுக்க முடியாது, நூலில் இருக்கிறது என்றான். வேண்டுமானால் வினையை மாற்றிக்கொள்ளலாம், என்ன போடட்டும் என்று கேட்டான்.

சாந்தினி நகல்களை எண்ணி அடுக்கிக்கொண்டே யோசித்தாள்.

“‘பார்த்தார்’னு போடுண்ணா.”

குமரேசன் பட்டியலை மேலிருந்து கீழ்வரை உருட்டிப் பார்த்தான்.

“அந்த வினையே இதுல இல்லியேம்மா,” என்றான். “இத்தினி வருசத்துல ஒருத்தரும் கேட்டதில்ல.”